கோபமும் கல்லாப்பெட்டியும்: ஹிப்-ஹாப்பின் அரசியலும் வணிகமும்

1982 கோடையில் அமெரிக்காவில் வெளிவந்த 'தி மெசேஜ்', ராப் இசையின் முதல் பெரிய சமூக விமர்சனப் பாடலாகக் கருதப்படுகிறது. நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பில் பிறந்த ஒருவனை வறுமை எப்படிப் படிப்படியாகச் சிறைவரை இழுத்துச் செல்கிறது என்பதைச் சொல்லும் பாடல் அது. பாதுகாக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2002-ஆம் ஆண்டுக்குத் தேர்ந்தெடுத்த முதல் 50 பதிவுகளில் அதுவும் ஒன்று.

அந்தப் பாடல் உருவான கதை நம் எதிர்பார்ப்புக்கு ஒத்துவராது. இசைத்தட்டின் உறையில் பெயர் உள்ள கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷும் அவர் குழுவினரும் அதைப் பாட விரும்பவில்லை. ஆட வருகிறவர்களிடம் போய் ஊர்த்துயரத்தைச் சொன்னால் யார் கேட்பார்கள் என்று தயங்கினார்கள். பாடலின் பெரும்பகுதியை எழுதியவர் எட் ஃபிளெட்சர் என்ற ஸ்டுடியோ இசைக்கலைஞர். குழுவிலிருந்து அவரோடு சேர்ந்து ராப் செய்தவர் மெல்லி மெல். இந்தப் பாட்டு விற்கும் என்று நம்பிப் பிடிவாதமாக வெளியிட்டவரோ, சுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் உரிமையாளர் சில்வியா ராபின்சன்.

எதிர்ப்பிசையின் முதல் மைல்கல்லை நட்டதில் ஒரு வியாபாரியின் கணிப்புக்கும் பங்கு இருக்கிறது. ஹிப்-ஹாப்பைப் பற்றிய பேச்சில் இரண்டு கதைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தெருவில் தூய்மையாகப் பிறந்த குரலைப் பெரு நிறுவனங்கள் கெடுத்துவிட்டன என்பது ஒன்று. கறுப்பின இளைஞர்களின் இசை உலகையே வென்றுவிட்டது, அந்த வெற்றியே அரசியல்தான் என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. சந்தை எதிர்ப்புக் குரலின் வாயை அடைப்பது அரிது. எந்தக் கோபம் ஒலிக்கலாம், எவ்வளவு தூரம் போகலாம், யாருடைய பெயரைச் சொல்லக் கூடாது என்று அது தேர்ந்தெடுக்கிறது. ஹிப்-ஹாப்பின் பலமும் பலவீனமும் அந்தத் தேர்வில்தான் தெரிகின்றன.

முதல் நாளிலேயே நுழைவுக் கட்டணம்

ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாக 1973 ஆகஸ்ட் 11-ஐச் சொல்வது வழக்கம். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவின் 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்துப் பொது அறையில் அன்று ஒரு கொண்டாட்டம் நடந்தது. பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும் என்று அதை ஏற்பாடு செய்தவர் சிண்டி கேம்பல். இசைத்தட்டுகளை இயக்கியவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவிலிருந்து குடியேறிய டிஜே கூல் ஹெர்க். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம்.

அன்றைய பிராங்ஸ் கைவிடப்பட்ட நிலம். நகரத் திட்டங்களில் கொடிகட்டிப் பறந்த ராபர்ட் மோசஸ் போட்ட விரைவுச்சாலை அந்தப் பகுதியைக் குறுக்கே பிளந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றியிருந்தது. காப்பீட்டுத் தொகைக்காக வீட்டுக்காரர்களே கட்டடங்களுக்குத் தீவைத்த காலம் அது. 1970களின் நடுவில் நகராட்சி கடனில் மூழ்க, பள்ளிகளில் இசை வகுப்புகளும் வெட்டப்பட்டன. வாத்தியம் வாங்க வழியில்லாத பிள்ளைகள் வீட்டிலிருந்த இசைத்தட்டையே வாத்தியமாக்கினார்கள். பாட்டில் தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளை இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றி ஓட்டி நீட்டிக்கொண்டே போனார் ஹெர்க். அந்தத் தாளத்தின் மேல் பேச்சு ஏறியது. பேச்சு ராப் ஆனது.

அந்த அறையில் யாரும் அரசியல் முழக்கம் எழுப்பவில்லை. ஆனாலும் அரசு கைகழுவிய இடத்தில், தங்கள் பொழுதைத் தாங்களே அமைத்துக்கொண்ட செயலுக்குள் ஓர் அரசியல் இருந்தது. கூடவே ஒரு நுழைவுச் சீட்டும் இருந்தது. எதிர்ப்பும் சம்பாத்தியமும் இந்த இசைக்குள் வேறுவேறு காலத்தில் புகுந்த இரண்டு சக்திகள் அல்ல. வேலை கிடைக்காத பிள்ளைகளுக்குப் பாட்டின் மூலம் வரும் காசே ஒரு விடுதலைதான். இதை உணராமல் 'விலைபோனவர்கள்' என்று எளிதில் தீர்ப்பெழுதுவது, வயிறு நிறைந்தவர்களின் விமர்சனம்.

சந்தை செய்த நன்மை

1980களின் கடைசியில் அரசியல் ராப் அதன் உச்சத்தைத் தொட்டது. பப்ளிக் எனிமி குழு 1988-இல் வெளியிட்ட இரண்டாவது ஆல்பம், கறுப்பின வரலாற்றையும் ஊடக விமர்சனத்தையும் ஆடத் தூண்டும் தாளத்தோடு சேர்த்தது. அதை வெளியிட்டது டெஃப் ஜாம் நிறுவனம். கடைகளுக்குக் கொண்டுசேர்த்தது சிபிஎஸ் என்ற பெரும் வணிக அமைப்பு. அடுத்த ஆண்டு வந்த 'ஃபைட் த பவர்' பாடல், 'டூ த ரைட் திங்' திரைப்படத்துக்காக இயக்குநர் ஸ்பைக் லீ கேட்டு வாங்கியது. ஒரு படத்தின் தேவைக்காகப் பிறந்த பாட்டு ஒரு தலைமுறையின் போர்ப்பாட்டானது. தோன்றிய இடம் வணிகம் என்பதால் ஒரு பாட்டின் அரசியல் பொய்யாகிவிடாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

லாஸ் ஏஞ்சலிஸ் அருகே காம்ப்டனிலிருந்து வந்த என்.டபிள்யூ.ஏ குழுவின் கதை இன்னும் கூர்மையானது. 1988 ஆல்பத்தில் போலீஸ் அராஜகத்தைக் கடுமையான வசைச்சொல்லோடு தாக்கும் பாடல் ஒன்று இருந்தது. வானொலிகள் அந்தக் குழுவை ஒதுக்கின. 1989 ஆகஸ்டில் எஃப்.பி.ஐ.யின் உயர் அதிகாரி ஒருவர், அந்தப் பாடல் காவலர்களுக்கு எதிரான வன்முறையைத் தூண்டுகிறது என்று கண்டித்து, ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். விற்பனை கூடியதே தவிரக் குறையவில்லை. 1991 மார்ச்சில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீசார் சூழ்ந்து அடித்த காணொளி வெளியானது. பெரும்பாலான அமெரிக்கர்களுக்கு அது அதிர்ச்சி. அந்த ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கியிருந்த புறநகர் வெள்ளைக்கார இளைஞனுக்கோ, மூன்றாண்டுகளுக்கு முன்பே அவன் காதில் விழுந்த சாட்சியம் இப்போது கண்ணில் தெரிந்தது. எந்தச் செய்தித்தாளும் எட்டாத அறைக்குள் அந்தச் சாட்சியத்தைக் கொண்டுபோனது சந்தைதான்.

அதே ஆண்டு மே மாதம் இன்னொன்று நடந்தது. அதுவரை எந்த ஆல்பம் அதிகம் விற்றது என்பதைக் கடைக்காரர்களிடம் கேட்டுப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த பில்போர்டு இதழ், கல்லாவில் பதிவாகும் விற்பனையையே எண்ணும் சவுண்ட்ஸ்கேன் முறைக்கு மாறியது. அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ.யின் புதிய ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. ராப் ஓரத்து இசை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் முன்முடிவை உடைத்தது வெறும் கணக்கு. கலாச்சாரக் காவலர்களைவிடக் கல்லாப்பெட்டி நேர்மையாக இருந்த தருணம் அது.

சந்தை போட்ட எல்லை

அந்த நேர்மைக்கும் ஓர் எல்லை உண்டு. 1992-இல் ராப்பர் ஐஸ்-டி தன் மெட்டல் இசைக்குழுவான பாடி கவுண்ட் மூலம், போலீஸைப் பழிவாங்கத் துடிக்கும் ஒருவனின் குரலில் ஒரு பாடலை வெளியிட்டார். போலீஸ் சங்கங்கள் கொதித்தன. ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனத்தின் தாய்க்குழுமமான டைம் வார்னரின் எல்லாப் பொருள்களையும் புறக்கணிக்க அழைப்பு வந்தது. பங்குதாரர் கூட்டத்திலேயே சண்டை வெடித்தது. ஜூலையில் ஐஸ்-டி தானே அந்தப் பாடலை ஆல்பத்திலிருந்து நீக்கினார். மறு ஆண்டு நிறுவனத்தோடு அவருக்கிருந்த உறவும் முறிந்தது. ஒரு பாட்டால் வரும் இலாபத்தைவிடக் குழுமத்தின் மற்றத் தொழில்களுக்கு வரும் நட்டம் பெரிதானால் நிறுவனம் எந்தப் பக்கம் சாயும் என்பது அன்று எல்லாக் கலைஞர்களுக்கும் புரிந்தது.

கண்ணுக்குத் தெரியாத எல்லைகள் இதைவிட ஆழமானவை. பப்ளிக் எனிமியின் ஒலி, பல பழைய பாடல்களிலிருந்தும் உரைகளிலிருந்தும் துண்டு துண்டாக எடுத்த சாம்பிள்களை அடுக்கிக் கட்டியது. அந்த அடுக்கில்தான் அவர்களின் வரலாற்று உணர்வு இருந்தது. மால்கம் எக்ஸின் குரலும் ஜேம்ஸ் பிரவுனின் தாளமும் ஒரே பாட்டுக்குள் சந்திக்க முடிந்தது. 1991 டிசம்பரில், பிஸ் மார்க்கி என்ற ராப்பர் தொடர்பான வழக்கில், அனுமதியின்றிச் சாம்பிள் எடுப்பது உரிமை மீறல் என்று நியூயார்க் நீதிமன்றம் கடுமையாகத் தீர்ப்பளித்தது. அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதியும் பணமும் தேவைப்பட்டன. அப்படிப்பட்ட ஆல்பம் செய்வது கட்டுப்படியாகாத காரியமானது. பழைய கலைஞர்களுக்கு உரிய பணம் சேர வேண்டும் என்ற நியாயம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஆனாலும் யாரும் தடை போடாமலேயே எதிர்ப்பின் ஓர் இசைமொழி அதனால் சுருங்கிப்போனது.

1996-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை வானொலி நிலையங்கள் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பை எடுத்துவிட்டது. சுமார் 40 நிலையங்கள் வைத்திருந்த கிளியர் சேனல், சில ஆண்டுகளிலேயே 1,200-க்கும் மேற்பட்ட நிலையங்களைச் சொந்தமாக்கிக்கொண்டது. உள்ளூர்ச் சம்பவத்தைப் பற்றி உள்ளூர்ப் பையன் பாடியதை உள்ளூர் டிஜே ஒலிபரப்புகிற வழி குறுகியது. ஊருக்கு ஊர் ஒரே பட்டியல் ஓடத் தொடங்கியது. 1990களின் பிற்பகுதியில் ராப் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆனதற்குக் கலைஞர்களின் பேராசையைக் குறைசொல்பவர்கள், இந்தச் சட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பட்டியலில் இடம்பிடித்தது எது? என்.டபிள்யூ.ஏ குழுவில் இருந்த டாக்டர் ட்ரே 1992 டிசம்பரில் தந்த 'தி க்ரானிக்' ஆல்பத்தில் அந்த ஆண்டின் லாஸ் ஏஞ்சலிஸ் எழுச்சியைப் பற்றிய பாடலும் இருக்கிறது. இசைத் தொழில் அந்த ஆல்பத்திலிருந்து எடுத்துக்கொண்டதோ வேறு: வெயில், கார், கஞ்சா, துப்பாக்கி, வன்மம். தெருவின் வன்முறை பாட்டில் தங்கியது. அந்த வன்முறையை உண்டாக்கிய வேலையின்மையும் போலீஸும் நகரக் கொள்கையும் மெல்லக் கழன்றுகொண்டன. காரணத்தைக் கழற்றிவிட்டு விளைவை மட்டும் விற்பது, சந்தை எதிர்ப்புக்குச் செய்த மிகப் பெரிய தீங்கு. அப்போது கேட்பவர் காதில் சாட்சியமாக விழ வேண்டியது, ஓர் இனத்தின் சுபாவமாகப் போய் விழுகிறது.

அந்தப் பிம்பம் நீதிமன்றம் வரை வந்துவிட்டது. 2022-இல் அட்லாண்டாவில் ராப்பர் யங் தக் மீது போடப்பட்ட குற்றச்சதி வழக்கில், அவருடைய பாடல் வரிகளையே ஆதாரமாக அரசுத் தரப்பு முன்வைத்தது. முரட்டு ஆளாகத் தோன்றினால்தான் விற்கும் என்று சந்தை கேட்கிறது. தோன்றியதைச் சட்டம் வாக்குமூலமாக எடுத்துக்கொள்கிறது. வரிகளை இப்படிப் பயன்படுத்துவதற்குக் கட்டுப்பாடு விதித்துக் கலிஃபோர்னியா அதே ஆண்டு சட்டம் இயற்றியது. மற்ற மாநிலங்களும் செய்ய வேண்டிய வேலை அது.

எதிர்ப்புக்குள்ளேயே இருந்த ஓட்டை

எல்லாப் பழியையும் சந்தையின் தலையில் கட்டிவிட முடியாது. போலீஸ் அராஜகத்தை அம்பலப்படுத்திய அதே என்.டபிள்யூ.ஏ ஆல்பத்தில் பெண்களைப் பற்றி இருக்கும் வரிகள் கேவலமானவை. 1989-இல் பப்ளிக் எனிமியின் புரொஃபசர் கிரிஃப் ஒரு பேட்டியில் யூதர்களுக்கு எதிராகக் கக்கிய வெறுப்பு, அந்தக் குழுவின் நியாயத்தையே குலைத்தது. ஒடுக்கப்பட்டவர் பேசுவதாலேயே ஒவ்வொரு சொல்லும் விடுதலைச் சொல்லாகிவிடாது.

1991-இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டீ பார்ன்ஸை டாக்டர் ட்ரே தாக்கினார். வழக்கில் குற்றச்சாட்டை அவர் எதிர்க்கவில்லை. 2015-இல் என்.டபிள்யூ.ஏ குழுவின் வரலாறு 'ஸ்ட்ரெயிட் அவுட்டா காம்ப்டன்' என்ற பெயரில் படமாகி வசூலை அள்ளியது. படத்தில் போலீஸ் கொடுமை இருந்தது. இந்தத் தாக்குதல் இல்லை. பார்ன்ஸ் அதைக் கேள்வி கேட்டு எழுதிய பிறகே, தான் காயப்படுத்திய பெண்களிடம் ட்ரே பொதுவாக மன்னிப்புக் கேட்டார். எதிர்ப்பின் நினைவையே பண்டமாக்கி விற்கும்போது யாருடைய வலி கதையிலிருந்து விழுந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

இதைத் திருத்தும் குரல் வெளியிலிருந்து வரவில்லை. குயின் லத்தீஃபா 1993-இல் பெண்களை இழிவாக அழைப்பதற்கு எதிராக 'யூனிட்டி' பாடலைத் தந்தார். அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. 2004-இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரிக் கறுப்பின மாணவிகள், ராப்பர் நெல்லியின் காணொளி ஒன்றில் பெண்கள் காட்டப்பட்ட விதத்துக்கு விளக்கம் கேட்டார்கள். அவருடைய அறக்கட்டளை அங்கே நடத்தவிருந்த எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் முகாம் கைவிடப்பட்டது. நல்ல காரியம் ஒன்று நின்றுபோன வருத்தம் அந்த மாணவிகளுக்கும் இருந்திருக்கும். ஆனாலும் அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஹிப்-ஹாப்பை நேசிப்பவர்கள் அதனிடம் கேட்கும் கேள்விகள், அதைத் தடைசெய்யக் கேட்டவர்களின் கேள்விகளைவிட எப்போதும் கூர்மையாகவே இருந்திருக்கின்றன.

மைதானத்தின் நடுவே

இந்த முரண் முழுவதையும் ஒருவரிடம் காண வேண்டுமானால் கென்ட்ரிக் லாமரைப் பார்க்கலாம். 2015-இல் அவர் வெளியிட்ட 'ஆல்ரைட்' பாடலில் திட்டமிட்ட கோரிக்கை எதுவும் இல்லை. தாங்கிக்கொள்வோம், மீள்வோம் என்ற நம்பிக்கை இருக்கிறது. பெரு நிறுவன வெளியீடுதான் அது. அந்த ஜூலையில் கிளீவ்லாந்தில் கறுப்பின உரிமைச் செயற்பாட்டாளர்கள் கூடியபோது, போலீஸை எதிர்கொண்ட கூட்டம் அதைக் கூட்டாகப் பாடியது. அன்றிலிருந்து அது இயக்கத்தின் பாட்டு. அதற்கு எதிர்ப்புப் பாடல் என்ற தகுதியைக் கொடுத்தது தெருவில் நின்ற மக்கள்.

2018-இல் லாமருக்கு இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. 2025 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளை மேடை கிடைத்தது. இனவெறிக்கு எதிராக 2016-இல் மண்டியிட்ட ஆட்டக்காரர் காலின் கேப்பர்னிக்கை வேலையில்லாமல் விட்ட அதே கால்பந்து லீக், 2019 முதல் ராப்பர் ஜே-இசட்டின் நிறுவனத்தோடு சேர்ந்து அந்த நிகழ்ச்சியை நடத்திவருகிறது. அமெரிக்கக் கொடியின் நிறங்களில் உடுத்திய கறுப்பின நடனக்கலைஞர்கள் இரண்டாகப் பிளந்த கொடியாக நின்றார்கள். அமெரிக்க அரசின் உருவகமான அங்கிள் சாம் வேடத்தில் நடிகர் சாமுவேல் ஜாக்சன் வந்து, இது ரொம்ப முரட்டுத்தனம் என்று பாடகரை அதட்டிக்கொண்டிருந்தார். கோடிக்கணக்கானவர்கள் பார்த்த மேடையில் அது துணிச்சலான கலை.

அதே நிகழ்ச்சியில் நடனக்கலைஞர் ஒருவர், சூடான், பாலஸ்தீனக் கொடிகளை இணைத்து விரித்தார். அவரைப் பிடித்து வெளியேற்றியதோடு, தன் மைதானங்களுக்கு அவர் வாழ்நாள் முழுவதும் வரக் கூடாது என்று லீக் அறிவித்தது. குறியீடாகச் சொல்லும் அரசியலுக்கு மேடை உண்டு. பெயர் சொல்லும் அரசியலுக்கு வெளியேற்றம். ஒரே கால் மணி நேரத்துக்குள் சந்தை தன் கோட்டை இவ்வளவு துல்லியமாக வரைந்து காட்டியது அபூர்வம்.

தமிழ் வழியில் அதே கேள்வி

இந்தக் கேள்வி நமக்கு வெளியூர்ச் செய்தி இல்லை. ஈழத்துப் போரால் லண்டனுக்குப் பெயர்ந்த எம்.ஐ.ஏ (மாயா அருள்பிரகாசம்), குடியேறியவர்கள் மீதான சந்தேகத்தைக் கேலி செய்து 2007-இல் தந்த 'பேப்பர் பிளேன்ஸ்', ஒரு திரைப்பட முன்னோட்டத்தால் அமெரிக்காவில் பெரும் வெற்றி பெற்றது. அதில் வரும் துப்பாக்கிச் சத்தத்தைத் தொலைக்காட்சி மழுப்பியது. 2018-இல் சென்னையில் மேடையேறிய 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் ராப்பையும் சேர்த்துச் சாதிக்கு எதிராக வெளிப்படையாகப் பாடியது. அந்தக் குழுவிலிருந்து வந்த அறிவு, பாடகி தீ, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் ஆகிய மூவரின் 2021 பாடல் 'என்ஜாய் எஞ்சாமி', அறிவின் பாட்டி வள்ளியம்மாள் போன்ற மலையகத் தேயிலைத் தொழிலாளர்களின் நிலமிழந்த வாழ்விலிருந்து எழுந்தது. உலகம் அதற்கு ஆடியது. அந்த ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அறிவு விடுபட்டபோது இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். மறு ஆண்டு சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் பாடல் அரங்கேறியபோது சர்ச்சை மீண்டும் எழுந்தது. யாருடைய பங்கு எவ்வளவு என்பதில் படைத்தவர்களுக்குள்ளேயே வேறுவேறு விளக்கங்கள் உண்டு. எப்படியானாலும், உழைத்த மண்ணில் உரிமை இல்லாதவர்களைப் பற்றிய பாட்டே, அந்தப் பாட்டு யாருக்கு உரிமை என்ற சர்ச்சையில் போய் நின்றது நெஞ்சை அறுக்கிறது.

எடைபோடும் முறை

சந்தையைச் சிறையோடு ஒப்பிடுவதும் தவறு. துனீசியாவில் ராப்பர் எல் ஜெனரால் 2010 இறுதியில் அதிபரை நேரடியாகக் கேள்வி கேட்டு ஒரு பாட்டை இணையத்தில் ஏற்றினார். 2011 ஜனவரியில் போலீஸ் அவரைத் தூக்கிச் சென்றது. ஈரானில் ராப்பர் தூமாஜ் சாலேஹிக்குப் பாட்டுக்காகவும் போராட்டத்துக்காகவும் 2024-இல் மரண தண்டனையே விதித்தார்கள். பின்னர் அது ரத்தாகி அவர் விடுதலையானார். அங்கே எந்த இசை நிறுவனமும் இல்லாமல் குரல் பரவியது. அதற்கான விலையை உடம்பால் கட்டினார்கள். இவர்களை நினைக்கும்போது, ஒப்பந்தம் கைநழுவுவதை அடக்குமுறை என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே ஒரு ராப் பாட்டின் அரசியலை அளக்க, அது எவ்வளவு விற்றது, எவ்வளவு கோபப்பட்டது என்ற இரண்டு கணக்கும் போதாது. நான் மூன்று கேள்விகளைக் கேட்பேன். வலியின் காரணத்தையும் அது சுட்டுகிறதா, வலியை மட்டும் காட்சிக்கு வைக்கிறதா? அந்த வலியின் சொந்தக்காரர்களுக்குப் பாட்டின் பெயரிலும் பணத்திலும் பங்கு இருக்கிறதா? அதைக் கையிலெடுக்கும் மக்கள் இருக்கிறார்களா?

மூன்றாவது கேள்வியே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நம்புகிறேன். செனகலில் 2011 ஜனவரியில், மின்வெட்டாலும் ஆட்சியாலும் வெறுத்துப்போன கெர் கி குழு ராப்பர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து 'யானமார்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். பாட்டோடு நிற்காமல், இளைஞர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க ஊர் ஊராகப் போனார்கள். மூன்றாம் முறையும் பதவி தேடிய அதிபர் அப்துலாய் வாட் 2012 தேர்தலில் தோற்றார். தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, ராப் கேட்டவர்கள் வாக்குச்சாவடிக்குப் போனது.

சந்தை ஒரு குரலை உலகம் முழுக்கக் கேட்கவைக்கும். அந்தக் குரலுக்கு ஒரு கோரிக்கையை அதனால் கொடுக்க முடியாது. கோரிக்கை ஊரிலிருந்தும், தொழிற்சங்கத்திலிருந்தும், மாணவர் விடுதியிலிருந்தும், சேரியிலிருந்தும்தான் வர வேண்டும். பிரபலமாகிவிட்டதே என்று ஒரு ராப்பரைச் சந்தேகிப்பதில் நமக்குப் பயன் இல்லை. அவர் பாட்டைக் கேட்டு ஆடிய நாம், அது சொன்ன அநியாயத்துக்கு எதிராக என்ன செய்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வதில்தான் பயன் இருக்கிறது.